ஒரு கோடை விடுமுறை உருவாக்கிய மருத்துவர்: சார்லஸ் பெஸ்ட்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் உலகப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அன்பர்கள் முன் வைப்பது வழக்கமாக இருந்து வருகின்றது. இவ்வாண்டு யாரைப் பற்றி எழுதலாம் என்று நாம் எண்ணமிட்டபொழுது, நம் காலனி இல்லங்களே விடை கூறின. இன்று எந்த வீட்டுக்குச் சென்றாலும், காப்பியில் சர்க்கரை சேர்க்கலாமா வேண்டாமா என்று கேட்டறிந்த பின்னரே கோப்பையை நீட்டுகின்றனர். பல வீடுகளில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால், தயிர்ப் பாத்திரத்துக்கு அருகே இன்சுலின் மருந்து இருப்பதைக் காணலாம். அதே வீட்டின் மற்றோர் அறையில், மகனோ மகளோ மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகக் கண்விழித்துப் படித்துக் கொண்டிருப்பதையும் காணலாம். பாட்டனாருக்கு உயிர் காக்கும் அந்த மருந்தையும், பேரப்பிள்ளையின் மருத்துவக் கனவையும் ஒருங்கே நினைவூட்டும் வாழ்க்கை ஒன்று உண்டு. அதுவே கனடா நாட்டு அறிஞர் சார்லஸ் ஹெர்பர்ட் பெஸ்ட் அவர்களின் வாழ்க்கை.

இன்சுலின் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவர் பிரெடெரிக் பாண்டிங் ஆவார். அது முறையே. ஆயினும் பாண்டிங்கின் அருகில் நின்று, நாள்தோறும் இரத்தத்தை அளந்து குறித்து வந்தவர், மருத்துவப் பட்டம் பெறாத, அப்பொழுதுதான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்த ஓர் இளைஞர். அவருக்கு அப்போது வயது 22. அந்த இளைஞரே பெஸ்ட்.

இளமை

1899-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மேன் மாநிலத்தில், வெஸ்ட் பெம்புரோக் என்னும் சிற்றூரில் பெஸ்ட் பிறந்தார். பெற்றோர் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். தொழில் நிமித்தம் எல்லை கடந்து வந்து குடியேறியவர்கள். பிறந்த மண் ஒன்று, பிழைக்க வந்த மண் மற்றொன்று என்னும் நிலையை நாம் நன்கறிவோம் அல்லவா? தந்தையார் அவ்வட்டாரத்தின் மருத்துவர். நோயாளிகளின் இல்லந்தேடிச் செல்லும் தந்தையைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்குத் தானும் மருத்துவனாக வேண்டும் என்ற விருப்பம் இளமையிலேயே எழுந்ததில் வியப்பில்லை.

அவ்விருப்பத்தை ஆழப்படுத்திய துயரமும் ஒன்று உண்டு. பெஸ்டின் அத்தை, அதாவது தந்தையாருடன் பிறந்த அம்மையார், நீரிழிவு நோயால் மாண்டார். அவர் செவிலியராகப் பணிபுரிந்தவர். வீட்டில் மருத்துவர் இருந்தும் காப்பாற்ற வழியில்லை. அக்காலத்தில் இந்நோய் கண்ட இளம் வயதினருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மருத்துவர்கள் செய்யக்கூடியது உணவைக் குறைத்துக் கொண்டே போவது ஒன்றுதான். மாவுச்சத்தை அறவே நீக்கி, பிற உணவையும் அளந்தளந்து கொடுத்து, குழந்தையை எலும்பும் தோலுமாக வைத்துச் சில திங்கள் அல்லது சில ஆண்டு ஆயுளை நீட்டினர். நோயால் இறப்பதா, பட்டினியால் இறப்பதா என்பதே பெற்றோர் முன் நின்ற கேள்வி.

பெஸ்ட் தம் பதினாறாம் வயதை ஒட்டி, கல்வியின் பொருட்டுக் கனடாவின் டொரான்டோ நகருக்குச் சென்றார். அங்குப் பல்கலைக்கழகத்தில் பயின்று கொண்டிருக்கையில் முதல் உலகப் போர் அவரைப் படைக்கு இழுத்துச் சென்றது. போர் முடிந்து திரும்பியவர், உடலியலும் உயிர்வேதியியலும் சேர்ந்த சிறப்புப் பட்டப் படிப்பில் சேர்ந்தார். நேரே மருத்துவப் படிப்பில் நுழையாமல் அடிப்படை அறிவியலின் வழியே சென்றமையே, பின்னர் அவர் வாழ்க்கையின் திருப்பத்துக்குக் காரணமாயிற்று.

பூவா, தலையா?

உடலியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஜான் மக்கிளியாட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். சர்க்கரை உடலில் பயன்படும் முறையை ஆராய்வதில் பெயர் பெற்றவர். இறுதியாண்டு மாணவர்களான பெஸ்டும், அவர் நண்பர் கிளார்க் நோபிளும் அவரிடம் உதவியாளர்களாகச் சேர்ந்து, சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே அதிலுள்ள சர்க்கரையை அளந்தறியும் முறைகளைக் கற்றிருந்தனர். இரத்தத்திலுள்ள புரதத்தை முதலில் நீக்க வேண்டும். எஞ்சிய நீரில் வேதிப்பொருளைச் சேர்த்துக் காய்ச்சினால் சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் மாறும். அந்நிறத்தை அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டும். கேட்பதற்கு எளிது, ஆனால் கண்ணும் கையும் பழகாதவருக்கு அளவு பிறழ்ந்து போகும். தேர்வில் மதிப்பெண் தேடித் தராத இப்பயிற்சியே உலகுக்கு ஒரு மருந்து கிடைப்பதற்கு உதவப் போகின்றது என்பதை அப்போது எவரும் அறிந்திலர்.

இந்நிலையில், 1920-ஆம் ஆண்டின் இறுதியில், பாண்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவர் மக்கிளியாடைத் தேடி வந்தார். கணையம் என்னும் உறுப்பு இருவகை வேலை செய்வது. உணவைச் செரிக்கச் செய்யும் நீரைக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளை இரத்தத்தில் கலப்பது மற்றொன்று. கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்கு நீரிழிவு வந்துவிடும் என்பதை 1889-இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் காட்டியிருந்தனர். அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1869-இல், பெர்லின் நகரில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர், கணையத்தினுள் தீவுகள்போல் தனித்து நிற்கும் சிறு திசுக் கூட்டங்களை நுண்ணோக்காடியில் கண்டு, தம் பட்ட ஆய்வுரையில் விவரித்திருந்தார். அவற்றின் வேலை யாது என்பது அவருக்குத் தெரியாது. ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். இன்சுலினைச் சுரப்பவை அத்தீவுகளே என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. ஆக, இக்கதையின் முதல் ஏடும் ஒரு மாணவர் எழுதியதே.

அத்தீவுகளின் சாரத்தைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றிருந்தனர். கணையத்தை அரைத்தால் அதிலுள்ள செரிமான நீர் அச்சாரத்தை அழித்துவிடுகின்றது என்று கருதப்பட்டது. செரிமான நீர் செல்லும் குழாயைக் கட்டிவிட்டுச் சில வாரம் காத்திருந்தால், அந்நீரைச் சுரக்கும் பகுதி வாடிவிடும். தீவுகள் மட்டும் எஞ்சி நிற்கும். அப்போது சாரத்தை எடுத்தால் என்ன? இதுவே பாண்டிங்கின் எண்ணம். மக்கிளியாட் முதலில் தயங்கினார். பின்னர் இடமும் நாய்களும் தந்து, உதவிக்கு ஒரு மாணவரையும் தர இசைந்தார்.

பெஸ்டும் நோபிளும் கோடைக் காலத்தைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்வதென முடிவாயிற்று. முதலில் யார் செல்வது என்பதற்கு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தனர் என்றே வரலாறு கூறுகின்றது. முற்பகுதி பெஸ்டுக்கு வாய்த்தது. தம் முறை வந்தபொழுது நோபிள், பெஸ்ட் வேலையில் பழகிவிட்டார், இடையில் ஆள் மாறுவது ஆராய்ச்சிக்கு நல்லதன்று என்பதை உணர்ந்து, அவரையே தொடருமாறு விட்டுக் கொடுத்தார்.

அந்தக் கோடை

1921-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் வேலை தொடங்கிற்று. இளங்கலைத் தேர்வை அப்பொழுதுதான் முடித்திருந்தார் பெஸ்ட். பல்கலைக்கழகக் கட்டிடத்தின் மேல் தளத்தில், கூரையின் வெப்பம் தகிக்கும் சிறு அறைகளில் இருவரும் உழைத்தனர். அறுவை வேலை பாண்டிங்குடையது. வேதியியல் வேலை பெஸ்டினுடையது. தொடக்கத்தில் ஊதியம் என்று ஒன்றும் இல்லை. ஜூன் மாதத்தில் மக்கிளியாட் வழிமுறைகளைச் சொல்லிவிட்டுத் தாய்நாடு சென்றுவிட்டார்.

முதல் வாரங்கள் தோல்வியிலேயே கழிந்தன. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த நாய்களில் பெரும்பாலானவை அறுவையின் விளைவாகவும் வெப்பத்தாலும் கிருமியாலும் மடிந்தன. இவ்வாராய்ச்சியில் உயிரிழந்த அவ்வாயில்லாப் பிராணிகளையும் நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

அக்கோடையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம், நம் மாணவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது. பெஸ்ட் சில நாட்கள் படைப் பயிற்சி முகாமுக்குச் சென்று திரும்பினார். அவர் இல்லாத நாட்களில் பாண்டிங் அவருடைய அளவைகளைச் சரிபார்த்து, அவை செம்மையாக இல்லை என்றும், கண்ணாடிக் கலன்கள் தூய்மையாக இல்லை என்றும் கண்டார். பெஸ்ட் வந்து நுழைந்ததும் கடுமையாகக் கடிந்து கொண்டார். பழைய கரைசல்களையெல்லாம் கொட்டிவிட்டு, அனைத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். கோபம் இருவருக்கும் பொங்கிற்று. பெஸ்ட் விலகிப் போயிருக்கலாம், சம்பளமில்லா வேலைதானே! ஆனால் அவர் அவ்விரவு முழுவதும் கண்விழித்துக் கலன்களைக் கழுவிப் புதுக் கரைசல்களை ஆயத்தம் செய்தார். அதன் பின் அவர்தம் அளவைகளை ஐயுற வேண்டிய நிலை நேரவில்லை என்று பாண்டிங்கே பின்னர் பதிவு செய்திருக்கின்றார்.

இதை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பெஸ்ட் அன்று இரவு கற்றுக் கொண்ட பாடம் எந்த நூலிலும் இருந்ததன்று. மருந்து கொடுத்தபின் நாயின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததா இல்லையா என்பதை உலகுக்குச் சொல்லப் போவது அவர் தரும் எண் ஒன்றே. அந்த எண் பிழைபட்டால் பாண்டிங்கின் எண்ணமும் உழைப்பும் வீண். நோயாளியின் உயிரும் இவ்வாறே ஓர் எண்ணை நம்பி நிற்கும் நாள் வரும் என்பதை அந்த இளைஞர் உணர்ந்திருக்க வேண்டும்.

ஜூலை 30-ஆம் நாள் அவர்கள் எதிர்நோக்கியிருந்த வேளை வந்தது. குழாய் கட்டப்பட்டு வாடியிருந்த கணையத்தை உறைகுளிரில் வைத்து, மணலுடன் சேர்த்து அரைத்து, உப்புநீரில் கலந்து வடிகட்டி எடுத்த சாரத்தை, கணையம் நீக்கப்பட்ட 410 என்னும் எண்ணுடைய நாய்க்குச் செலுத்தினர். ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமிலிருந்து 120 மில்லிகிராமுக்கு இறங்கிற்று. அந்நாய் நெடுநாள் பிழைக்கவில்லை. ஆயினும் வழி புலப்பட்டுவிட்டது. மேலும் பல நாய்களில் சோதித்தனர். குளிர்காலத்தில், மார்ஜரி என்று பெயரிடப்பட்ட ஒரு நாயைக் கணையமின்றியே சுமார் 70 நாட்கள் வாழவைத்தனர். இதற்குள் பாண்டிங்குக்கு வேறோர் எண்ணம் உதித்திருந்தது. இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும், பிறவாத கன்றுகளின் கணையத்தில் செரிமான நீர் குறைவு என்பதால், அதிலிருந்தே சாரத்தை எடுக்கலாயினர். குழாயைக் கட்டிக் காத்திருக்கும் வேலை ஒழிந்தது. பின்னர் சாராயம் கலந்து பிரிக்கும் முறையால் முழு வளர்ச்சி பெற்ற மாட்டின் கணையமே போதும் என்றாயிற்று.

மாணவர் செய்த மருந்து

1921 டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் இக்குழுவில் சேர்ந்தார். 1922 ஜனவரி 11-ஆம் நாள், டொரான்டோ பொது மருத்துவமனையில், நீரிழிவால் மெலிந்து சுமார் 30 கிலோ எடையே இருந்த லியனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்குப் பாண்டிங்கும் பெஸ்டும் செய்த சாரம் முதன்முதலில் செலுத்தப்பட்டது. பலன் சிறிதே, ஊசி போட்ட இடம் வீங்கிற்று, மருந்து நிறுத்தப்பட்டது. மருந்திலிருந்த மாசே காரணம். காலிப் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் நாள் மீண்டும் கொடுத்தபோது சிறுவனின் இரத்தச் சர்க்கரை இறங்கிற்று. அவன் தெளிவும் வலிவும் பெற்றான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

பெருமை யாருக்கு என்ற பூசல் அவ்வறைகளிலும் எழாமல் இல்லை. பாண்டிங்குக்கும் மக்கிளியாடுக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. பாண்டிங்குக்கும் காலிப்புக்கும் கைகலப்பு வரை சென்றது. ஆயினும் மருந்தை வைத்துப் பொருளீட்ட எவரும் எண்ணவில்லை. காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலைக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக் கொண்டு 1923-இல் டொரான்டோப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர்.

மருந்து கிடைத்தது என்ற செய்தி பரவியதும், எங்கெங்கிருந்தோ பெற்றோர் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு டொரான்டோவுக்கு வரத் தொடங்கினர். ஆனால் கொடுப்பதற்கு மருந்து போதவில்லை. சிறு குடுவையில் வெற்றி தந்த முறை பெரிய பாத்திரத்தில் தோல்வி தந்தது. 1922-இன் முற்பகுதியில் பல வாரங்கள் ஆற்றலுள்ள மருந்தே கிடைக்காமற் போயிற்று. அந்நெருக்கடியைத் தீர்க்க உழைத்தவர்களுள் பெஸ்ட் முக்கியமானவர். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கன்னாட் ஆய்வுக்கூடத்தில் இன்சுலின் தயாரிக்கும் பிரிவின் பொறுப்பு, 23 வயதே நிரம்பிய அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், அமெரிக்க அமைச்சர் ஒருவரின் மகளான எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி, சுமார் 20 கிலோ எடையுடன் டொரான்டோவுக்குக் கொண்டு வரப்பட்டாள். மருந்து பெற்ற அவள் வளர்ந்து, மணந்து, தாயாகி, 1981 வரை வாழ்ந்தாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகெங்கும் புகழ் பரவத் தொடங்கிய அவ்வேளையில் பெஸ்ட் இன்னும் மருத்துவர் ஆகவில்லை. 1922-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மருத்துவப் படிப்பை மேற்கொண்டு, மற்ற மாணவர்களுடன் வகுப்பில் அமர்ந்து உடற்கூறும் நோயியலும் பயின்றார். ஒருபுறம் மருந்து தயாரிக்கும் பொறுப்பு, மறுபுறம் தேர்வுகள். அவர் செய்த மருந்தைக் கொண்டு மற்றவர்கள் மருத்துவம் செய்து கொண்டிருக்க, அவரோ மருத்துவம் செய்யும் தகுதிக்காகப் படித்துக் கொண்டிருந்தார். கண்டுபிடிப்பே போதும், பட்டம் எதற்கு என்று அவர் இருந்துவிடவில்லை. 1925-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இதற்கிடையில், 1924-இல், மார்கரெட் மேகன் என்னும் மங்கையை மணந்தார்.

கிட்டாத பரிசு

1923-ஆம் ஆண்டு அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்கிளியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்டின் பெயர் அதில் இல்லை. காலிப்பின் பெயரும் இல்லை. பாண்டிங் கொதித்தெழுந்தார். தம் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கு அளிப்பதாக அறிவித்து, அப்போது பாஸ்டன் நகரில் இருந்த அவருக்குத் தெரியும்படி தந்தி அனுப்பினார். மக்கிளியாடும் தம் பங்கைக் காலிப்புடன் பகிர்ந்து கொண்டார்.

இளம் மாணவர் ஒருவருக்கு இது எத்தகைய ஏமாற்றமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த மனக்குறை பெஸ்டை வாழ்நாள் முழுவதும் விட்டு அகலவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. பிற்காலத்தில் அக்கண்டுபிடிப்பின் வரலாற்றை எழுதியும் பேசியும் வந்தபோது, காலிப், மக்கிளியாட் ஆகியோரின் பங்கைச் சற்றுக் குறைத்தும், தம் பங்கைச் சற்று மிகுத்தும் கூறினார் என்று வரலாற்று ஆசிரியர்கள் பின்னர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். பெரியோரும் மனிதரே. ஆனால் அக்குறையைச் சுமந்து கொண்டு அவர் சோர்ந்து உட்காரவில்லை என்பதையே நாம் பெரிதாகக் கொள்ள வேண்டும்.

பின்னைய தொண்டு

மருத்துவரான பின் இங்கிலாந்து சென்று, லண்டனில் ஹென்றி டேல் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1928-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். 1929-இல், மக்கிளியாட் விட்டுச் சென்ற உடலியல் பேராசிரியர் பதவி பெஸ்டைத் தேடி வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் எந்தத் துறையில் மாணவ உதவியாளராக இருந்தாரோ, அதே துறைக்குத் தம் முப்பதாம் வயதில் தலைவரானார்.

இன்சுலின் கொடுத்து வாழவைக்கப்பட்ட நாய்களின் ஈரலில் கொழுப்புப் படிவதைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். உணவிலுள்ள கோலின் என்னும் பொருள் அதைத் தடுக்கின்றது என்பதை 1932-இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். முட்டையின் மஞ்சட் கருவில் மிகுந்துள்ள இப்பொருள் உடலுக்கு இன்றியமையாதது என்பது இன்று உணவியலில் நிலைபெற்ற உண்மை.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை மனிதருக்குப் பயன்படும் வண்ணம் தூய்மைப்படுத்தும் பணியையும் 1930-களில் அவருடைய குழுவினரும் கன்னாட் ஆய்வுக்கூடத்தாரும் செய்து முடித்தனர். இன்று இதய அறுவையிலும், சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போதும் ஹெப்பரின் இன்றியமையாத மருந்தாக விளங்குகின்றது. இதன் தொடக்கமும் ஒரு மாணவருடையதே. 1916-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று கொண்டிருந்த ஜே மக்லீன் என்பவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடுகையில், அதற்கு நேர்மாறாக உறைதலைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டார். எதிர்பார்த்தது வரவில்லையே என்று அதை ஒதுக்கித் தள்ளாமல் ஆசிரியரிடம் கொண்டு சென்றமையால் அக்கண்டுபிடிப்பு உலகுக்குக் கிட்டிற்று.

1937-இல் நார்மன் டெய்லர் என்பவருடன் சேர்ந்து, மருத்துவத் தொழிலின் உடலியல் அடிப்படை பற்றிய பெருநூல் ஒன்றைப் பெஸ்ட் வெளியிட்டார். பெஸ்ட்-டெய்லர் என்று மாணவர்கள் சுருக்கமாக வழங்கிய அந்நூல் பல பதிப்புகள் கண்டது. நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் அதைப் படித்துத் தேறிய மூத்த மருத்துவர்கள் பலர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபொழுது, போர்க்களத்தில் காயமுற்றோருக்காக இரத்தநீரை உலர்த்திப் பொடியாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கடற்படையிலும் மருத்துவ ஆராய்ச்சிப் பொறுப்பேற்றார். 1941 பிப்ரவரியில் பாண்டிங் விமான விபத்தில் மாண்டார். அவர் நடத்தி வந்த ஆராய்ச்சித் துறையின் தலைமையும் பெஸ்டிடமே வந்தது. 1953-இல் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் டொரான்டோவில் நிறுவப்பட்டது. நீண்ட காலம் ஆசிரியப் பணி புரிந்து, 1978-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் தம் 79-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

விட்டுக் கொடுத்தவர் என்ன ஆனார்?

தமக்குரிய முறையை விட்டுக் கொடுத்த கிளார்க் நோபிளை நாம் மறந்துவிடலாகாது. அவரும் மக்கிளியாடின் கீழ் இன்சுலின் ஆராய்ச்சியில் பங்கு கொண்டு, பின்னர் மருத்துவராகப் பணியாற்றினார். 1952-இல், ஜமெய்க்காத் தீவிலிருந்து ஒரு மருத்துவர் அவருக்குச் சில இலைகளை அஞ்சலில் அனுப்பினார். நீரிழிவுக்கு அத்தீவு மக்கள் அவ்விலையைக் காய்ச்சிக் குடிப்பது வழக்கமாம். ஓய்வு பெற்றிருந்த நோபிள், தாமே ஆராய வாய்ப்பில்லாமையால், ஆராய்ச்சியாளரான தம் தம்பி இராபர்ட்டுக்கு அவற்றை அனுப்பி வைத்தார். இலைச் சாற்றால் இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்தன. அதைத் துருவி ஆராய்ந்து, இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அந்த இலை எதனுடையது தெரியுமா? நம்மூர் வீடுகளின் வேலியோரத்திலும் கோயில் நந்தவனங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியினுடையதே! ஒரு நாணயத்தைச் சுண்டியதில் பின்தங்கியவர் வழியாகவும் உலகுக்கு நன்மை வந்தது.

நிறைவுரை

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட நூற்றாண்டு 2021-இல் நிறைவுற்றது. 1982 முதல், மாட்டின் கணையத்தையோ பன்றியின் கணையத்தையோ எதிர்பாராமல், நுண்ணுயிர்களைக் கொண்டே மனித இன்சுலினைச் செய்யும் முறை வழக்கிற்கு வந்துள்ளது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது என்று, சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்தி, 2023-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கின்றது. மருந்து கிடைத்தாலும் வேலை முடிந்துவிடவில்லை என்பதையே இது காட்டுகின்றது. எஞ்சிய வேலைக்கு ஆட்கள் வேண்டும். அவர்கள் நம் இல்லங்களிலிருந்தும் வரலாம்.

ஆகவே, காலனிவாழ் பெற்றோர்க்கு நாம் ஒன்று கூற விழைகின்றோம். பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற வேண்டும் என்று நாம் படும் பாடு பெரிது. முதல் முயற்சியில் இடம் கிட்டாமல் அறிவியல் பட்டப் படிப்பில் சேரும் பிள்ளையை, ஏதோ இழந்துவிட்டவன் போல் நாம் பார்க்கின்றோம். ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் விசாரித்தால் பேச்சை மாற்றுகின்றோம். அப்பிள்ளை விடுமுறையில் ஊருக்கு வராமல், பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி, எண்களைக் குறித்து வைக்கும் வேலைக்குப் போகின்றேன் என்றால், இதனால் என்ன பயன் என்று கேட்கின்றோம். வெஸ்ட் பெம்புரோக் மருத்துவரின் மகனும் நேரே மருத்துவப் படிப்பில் நுழைந்தவர் அல்லர். ஒரு கோடை முழுவதும் கூலியின்றிக் குடுவை கழுவியவர்தாம். அந்தக் கோடைக்குப் பின் அவர் நல்ல மருத்துவராவதற்கு வேண்டிய பழக்கங்கள் அவரிடம் படிந்துவிட்டன. பட்டம் நான்காண்டு கழித்தே வந்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சுலின் கிட்டாது. பெரும்பாலோரின் விடுமுறை ஆராய்ச்சி ஒரு குறிப்பேட்டுடன் முடிந்து போகும். ஆனால் தவறிய அளவைத் தவறென்று ஒப்புக் கொண்டு, இரவெல்லாம் விழித்துத் திருத்தப் பழகிய பிள்ளை எத்துறைக்குச் சென்றாலும், அவனை நம்பி ஒருவர் தம் உடலை ஒப்படைக்கலாம். நம் காலனிப் பிள்ளைகளுள் அத்தகையோர் பலர் தோன்ற வேண்டும். அவர்தம் வாழ்க்கையை இம்மலரின் பிற்கால இதழ்கள் எழுத வேண்டும் என்பதே நம் விருப்பம்.